கவுண்ட் ஏறிய பிறகு: மஜ்ஜை மாற்று சிகிச்சையும் திரும்பி வர வேண்டிய எதிர்ப்புச் சக்தியும்

அவலூர்பேட்டையிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வடக்கே சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு வழியாகப் போனால் ராணிப்பேட்டை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரத்தவியல் துறை இப்போது அங்குள்ள புதிய வளாகத்தில்தான் இயங்குகிறது. கிழக்கே செஞ்சி, திண்டிவனம் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். இரண்டுமே ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் சென்னை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நெல்லும் மணிலாவும் விளைகிற ஒரு சந்தை ஊருக்கு இவ்வளவு அருகில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைப்பது இந்தியாவின் பல மாநிலங்களில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கவுண்ட் எல்லாம் ஏறிடுச்சாப்பா?" என்பதுதான். "ஏறிடுச்சுங்க" என்ற பதிலோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஏறியது எந்த எண், இன்னும் ஏறாமல் கிடப்பவை எவை, அவை ஏற எத்தனை மாதம் பிடிக்கும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வருவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஜ்ஜை மாற்றின் பலன் ஆஸ்பத்திரியில் மட்டும் தீர்மானமாவதில்லை. நோயாளி ஊர் திரும்பிய முதல் இரண்டு ஆண்டுகளில் அவருடைய வீடும் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் என்ன செய்கின்றன என்பதையும் பொறுத்தே அது இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நம்மிடம் சரியான ஏற்பாடு இல்லை.

எந்தக் கவுண்ட்?

கீமோ எடுப்பவர் வீட்டில் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றாவது இருக்கும். அதில் மொத்த வெள்ளையணு 1,400 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே நியூட்ரோபில் 30 விழுக்காடு என்றிருக்கும். 1,400இல் 30 விழுக்காடு 420. மருத்துவர்கள் கவலையோடு பார்ப்பது இந்த 420ஐத்தான். நலமாக இருப்பவருக்கு இது 1,500க்கு மேல் இருக்கும். 500க்குக் கீழே போனால் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்க உடலில் ஆளில்லை என்று பொருள். இந்தப் பெருக்கலை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்வது நல்லது. மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்துபோகாமல் இருக்க அது உதவும்.

நியூட்ரோபில் அணுவுக்கு ஆயுள் மிகக் குறைவு. ரத்தத்தில் அது சுற்றுவது சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். அதனால் நலமான மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உண்டாக்கியபடி இருக்கிறது. கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும் மருந்து. புற்றுநோய் செல்லோடு சேர்த்து முடியின் வேரையும், வாய் முதல் குடல் வரையிலான உட்தோலையும், மஜ்ஜையையும் அது தாக்குகிறது. மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் நியூட்ரோபில் அடிமட்டத்தைத் தொட்டு, மூன்றாம் வாரத்தில் மேலே வரும். பல கீமோ முறைகளை 21 நாளுக்கு ஒருமுறை வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இதில் பலர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் வரும் தொற்றில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருவதில்லை. புண்ணாகிப்போன குடலின் வழியாக நோயாளியின் சொந்த வயிற்றுப் பாக்டீரியாவே ரத்தத்தில் கலக்கிறது. முகக்கவசம் போட்டிருந்தார், யாரையும் பார்க்கவில்லை, எப்படிக் காய்ச்சல் வந்தது என்று குடும்பத்தார் தங்களையே நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தபின் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது.

வெள்ளையணுவை ஏற்றுவதற்காகப் போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசி நியூட்ரோபிலை மட்டும் தட்டி எழுப்பும். எதிர்ப்புச் சக்தியின் மறுபாதியான லிம்போசைட்டுகளுக்கு அந்த ஊசியால் பெரிய பயன் கிடையாது. மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோ எடுத்த பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், சிகிச்சை முடிந்து ஒன்பது மாதமாகியும் சிலவகை லிம்போசைட்டுகள் பழைய அளவை எட்டவில்லை. ரிட்டுக்ஸிமாப் மருந்து எடுத்தவர்களுக்கு எதிர்ப்புரதம் உண்டாக்கும் பி செல்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அடியோடு இல்லாமலே போகும். குழந்தைகள் சீக்கிரம் தேறுகிறார்கள். லுக்கிமியா சிகிச்சை முடித்த குழந்தைகள் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனாலும் முன்பு போட்ட தடுப்பூசிகளில் சிலவற்றின் பலன் அவர்களுக்கும் கரைந்திருக்கும்.

ஒரு பை ரத்தம் போல

கீமோவுக்கே இப்படியென்றால், மஜ்ஜையை முற்றிலும் காலி செய்துவிட்டு வேறொருவருடைய விதையை ஊன்றும்போது என்ன ஆகும்?

இந்த யோசனை அணுகுண்டுக் காலத்தில் பிறந்தது. கதிர்வீச்சில் முதலில் செத்துப்போவது மஜ்ஜை என்று அப்போதுதான் தெளிவாயிற்று. 1957இல் அமெரிக்காவில் டொனால் தாமஸ் மனிதர்களுக்கு மஜ்ஜையை ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பார்த்தார். அடுத்த ஆண்டு யுகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வுக்கூட விபத்தில் சிக்கியவர்களுக்குப் பாரிஸில் ஜார்ஜ் மத்தே அதையே செய்தார். தொடக்கத்தில் தோல்விகளே அதிகம். தானம் கொடுத்தவரின் செல்கள் பெற்றவரின் உடலையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் கோளாறுதான் பெரிய தடையாக நின்றது. ஜி.வி.ஹெச்.டி. என்று வார்டுகளில் சொல்வது இதைத்தான். அதைக் கட்டுக்குள் வைக்கக் கைகொடுத்த மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். அந்த மருந்துக் குடும்பத்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் குழு அனுப்பிய அமினோப்டெரினைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் லுக்கிமியாவை முதன்முறையாகப் பின்வாங்க வைத்து, 1948இல் அதை உலகுக்குச் சொன்னார். சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவின் பெயர் அவர் படித்த ஊரில்கூடப் பலருக்குத் தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி தலைமையில் நடந்தது. 1986இல் வேலூரில் மாம்மன் சாண்டி தொடங்கினார். தலசீமியாவும் ரத்தப் புற்றும் கொண்ட ஏராளமான குடும்பங்கள் அன்றிலிருந்து வேலூருக்கு வந்துகொண்டிருக்கின்றன.

மாற்று நடக்கும் நாளை நேரில் பார்த்தவர்கள் சற்று ஏமாற்றத்தோடுதான் சொல்வார்கள். அறுவை அரங்கம் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. செஞ்சாந்து நிறத்தில் ஒரு பை, ரத்தம் ஏற்றுவது போலவே கம்பியில் தொங்கும். நோயாளி கட்டிலில் விழித்துக்கொண்டிருப்பார். உறைய வைத்த செல்லாக இருந்தால் அதிலுள்ள பதனப்பொருளின் பூண்டு வாடை அறை முழுக்கப் பரவும், நோயாளியின் மூச்சிலும் ஒருநாள் இருக்கும். அவ்வளவுதான். அதைப் பூஜ்ய நாள் என்று குறித்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். செல்கள் தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துப் போய்த் தங்குகின்றன. நியூட்ரோபில் 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால், செல் பிடித்துவிட்டது என்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்லாக இருந்தால் இதற்கு இரண்டு வாரம், எலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையாக இருந்தால் மூன்று வாரம், தொப்புள்கொடி ரத்தமாக இருந்தால் நான்கு வாரம் என்பது தோராயக் கணக்கு. வார்டில் இனிப்பு கொடுக்கும் நாள் அது.

நட்ட நாற்று பச்சை பிடித்துவிட்டதைப் பார்த்த விவசாயி மகிழ்வார். ஆனால் களத்துக்கு மூட்டை வந்துவிட்டது என்று நினைக்க மாட்டார். நியூட்ரோபில் ஏறியதும் அப்படிப்பட்ட ஒரு கட்டம்தான். அடுத்து, வைரஸ் தாக்கிய செல்லை அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்கள் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பும். பி செல்கள் மூன்றாம் மாதத்துக்கு மேல் தலைகாட்டி, உருப்படியான எதிர்ப்புரதம் செய்யும் நிலைக்கு வர ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு ஆகும். கடைசியில் வருவது சி.டி.4 எனப்படும் உதவி டி செல்கள். ஆரோக்கியமானவருக்கு 500க்கு மேல் இருக்கும் இந்த எண், மாற்று முடிந்த முதல் மூன்று மாதங்களில் பலருக்கு 200க்குக் கீழேயே கிடக்கும். எச்.ஐ.வி. சிகிச்சையோடு பழக்கமுள்ள எந்த மருத்துவருக்கும் 200 என்ற எண்ணின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

டி செல் ஏன் இவ்வளவு தாமதம்? அதற்குப் பள்ளிக்கூடம் தேவை. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் எது நம் உடல், எது அந்நியம் என்று டி செல்கள் கற்றுத் தேறுகின்றன. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் இந்தச் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிறது. அதனால்தான் பத்து வயதுக் குழந்தைக்குச் சில மாதங்களில் திரும்பும் டி செல் பலம், ஐம்பது வயதுக்காரருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளாகியும் முழுதாகத் திரும்புவதில்லை. பெரியவர்களுக்குத் தைமஸ் வேண்டாத உறுப்பு என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கு அதைக் கலைத்துவிட்டது. தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 விழுக்காடு, அதேபோன்ற இதய, மார்பு அறுவை செய்துகொண்டு தைமஸ் தப்பியவர்களில் 2.8 விழுக்காடு. சுருங்கிய சுரப்பிக்கும் வேலை இருந்திருக்கிறது.

புதிய டி செல் வரும்வரை, தானத்தோடு வந்த சில முதிர்ந்த டி செல்களே பெருகி ஒப்பேற்றுகின்றன. எண்ணிக்கை கூடும், ஆனால் அவை அறிந்த எதிரிகளின் பட்டியல் சிறியது. போதாததற்கு ஜி.வி.ஹெச்.டி. வந்து ஸ்டீராய்டு தொடங்கினால் எல்லாக் கணக்கும் மாதக்கணக்கில் பின்னுக்குப் போகும். பெரும்பாலும் மைலோமா என்ற ரத்தப் புற்றுக்குச் செய்யும், நோயாளியின் சொந்த செல்லையே எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றும் முறையில் இந்த ஜி.வி.ஹெச்.டி. தொல்லை கிடையாது. எதிர்ப்புச் சக்தியும் முன்னதாகத் திரும்பும். அப்படியும் அதற்கு மாதங்கள் தேவை.

அக்கி, அம்மை, வைக்கோல்

நூறாவது நாள் வாக்கில் நோயாளி ஊருக்கு வருகிறார். மேலே சொன்ன கணக்கின்படி, அப்போது அவரிடம் நியூட்ரோபில் போதுமான அளவு இருக்கும். டி செல்லும் பி செல்லும் பாதி வழியில் இருக்கும். வார்டில் இருந்தபோது பயந்த பாக்டீரியாவின் இடத்தை இப்போது வைரஸும் பூஞ்சையும் காசநோயும் பிடித்துக்கொள்கின்றன. ஆங்கில நூல்கள் சொல்லும் எச்சரிக்கைகள் அங்குள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. அவலூர்பேட்டை இருக்கும் மேல்மலையனூர் வட்டத்து வாழ்க்கைக்கு அவற்றை நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் அக்கி. சிறுவயதில் அம்மை வந்து போனவரின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் சாகாமல் உறங்குகிறது. காவலாளியான டி செல் குறைந்ததும் விழித்துக்கொண்டு, விலாவிலோ முகத்திலோ பட்டையாகக் கொப்புளம் கிளப்புகிறது. மஜ்ஜை மாற்று முடிந்த முதல் ஆண்டில் இது சகஜமாக வரக்கூடியது. அதைத் தடுக்கத்தான் குறைந்தது ஓராண்டுக்கு அசைக்ளோவிர் மாத்திரை எழுதித் தருகிறார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. பிறகு கொப்புளம் வந்தால், நம் பக்கத்து வழக்கப்படி குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வார்கள். ஊரில் மற்றவர்களுக்கு அக்கி தானாகவே தணியக்கூடியது என்பதால் எழுதியதும் குணமானதாகத் தோன்றும். மஜ்ஜை மாற்றியவருக்கு அது தானாகத் தணியாது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். உடைந்த கொப்புளத்தின் மேல் மண் படுவதும் இன்னொரு தொற்றுக்கு வழி. இந்த ஒருவருக்கு மட்டும் அக்கி எழுத வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள் என்று எழுதுகிறவரிடமே முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லது. அவர்தான் அந்தக் கொப்புளத்தை முதலில் பார்க்கப் போகிறவர்.

அம்மைக்கும் இதுதான். தெருவில் ஒரு வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை கண்டிருக்கிறது, வேப்பிலை செருகியிருக்கிறது என்றால் மஜ்ஜை மாற்றியவர் அந்தப் பக்கம் போகக் கூடாது. தெரியாமல் கலந்துவிட்டிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் சிகிச்சை அளித்த மையத்துக்கு உடனே போன் செய்ய வேண்டும். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, முடிந்தால் நான்கு நாட்களுக்குள். அம்மனுக்குச் செய்வதைச் செய்யட்டும். மருந்தும் கூடவே போகட்டும். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் போய் நிற்பதை மட்டும் ஓராண்டு தள்ளிப்போடலாம். வேண்டுதலை வீட்டார் நிறைவேற்றலாம்.

அடுத்தது வைக்கோல். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நெல் தூற்றும் தூசியிலும், நனைந்து காய்ந்த வைக்கோல் போரிலும், எருக்குழியிலும், ஈரம் பட்ட மணிலாக் கொட்டையிலும் தாராளமாக வாழ்கிறது. நாமெல்லாம் அதைத் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. டி செல்லும் நியூட்ரோபிலும் குறைந்தவரின் நுரையீரலில் அது வேர்விடும். எனவே போர் பிரிப்பது, களத்தில் நிற்பது, குப்பை அள்ளுவது எல்லாம் வேறு கைகளுக்குப் போக வேண்டும். கழிச்சல் கண்ட கன்றைத் தொட்டுப் பராமரித்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வந்து, மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கில் தள்ளிவிடும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் மெலியாய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்றுக்கு வாய்ப்புண்டு; தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அது பதிவாகியிருக்கிறது. விவசாயக் குடும்பத்துத் தலைவர் ஒருவரிடம் ஓராண்டு நிலத்தில் இறங்காதே என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் தாளில் 'தூசியைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது அவர் காதில் ஏறாது. களம், போர், குப்பை, கன்று என்று பெயர் சொல்லிச் சொன்னால் ஏறும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகள் தேவைக்கு மேல் பயப்படுகின்றன. பழமே கூடாது, கீரையே கூடாது என்று மாதக்கணக்கில் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து நோயாளியை இளைக்க வைக்கிறார்கள். பச்சைக் காய்கனிகளை முற்றாக விலக்கிய உணவையும், நன்றாகக் கழுவிய பச்சைக் காய்கனிகளும் சேர்ந்த சாதாரண உணவையும் ஒப்பிட்ட சோதனைகள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்திருக்கின்றன. விலக்கியதால் தொற்று குறையவில்லை. கொதித்தாறிய தண்ணீர், காய்ச்சிய பால், சூடாகச் சமைத்த சோறு குழம்பு, முட்டை, பருப்பு, வீட்டில் தோல் உரித்த பழம் இவை போதும். பழையதும், ஈ மொய்க்கும் கடைப் பண்டமும் வேண்டாம். பம்பளிமாசு மட்டும் விலக்கு. டி செல்லை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் அது ஏற்றிவிடக்கூடும். 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று விற்கும் பொடிகளும், பச்சையாக அரைத்த பப்பாளி இலைச் சாறும் டி செல்லைத் திருப்பிக் கொண்டுவந்ததாக எந்த நல்ல சோதனையும் காட்டவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

காசநோய் தனியாகப் பேச வேண்டியது. நம் நாட்டில் பலருக்குக் காசநோய்க் கிருமி நுரையீரலில் உறங்கும். மஜ்ஜை மாற்றியபின் அது எழலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பார்ப்பதும் மருந்து தொடங்குவதும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான வேலை; அதை நம் ஊழியர்கள் நன்றாகச் செய்கிறார்கள். சிக்கல், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை சைக்ளோஸ்போரினை ரத்தத்திலிருந்து வெகுவாகக் குறைத்துவிடும் என்பது. அது குறைந்தால் ஜி.வி.ஹெச்.டி. தலைதூக்கும். மாற்று நடந்த மையத்துடன் ஒரு போன் பேச்சு இருந்தால் இதைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் இரண்டு நல்ல சிகிச்சைகள் ஒன்றையொன்று கெடுக்கும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஊர்களில் காய்ச்சலுக்கு முதல் வைத்தியம் ஒரு பாராசிட்டமால், அடுத்தது பக்கத்து கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டுடுங்க சார்" என்பது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. தட்டணு குறைந்தவருக்கு இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தக்கட்டாகும். நியூட்ரோபில் குறைந்திருக்கும் நாட்களில் 101 டிகிரி ஒருமுறை காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் அது அவசரம். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அவலூர்பேட்டையிலிருந்து ராணிப்பேட்டை வரை போய்த்தான் அந்த மருந்தை ஏற்ற வேண்டும் என்றிருந்தால் பல உயிர்கள் வழியில் போகும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது. 108 வண்டி இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று மையம் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாள் நோயாளியின் பையில் இருந்தால், முதல் டோஸை அங்கேயே ஏற்றிவிட்டு மேலே அனுப்பலாம்.

மறுபடியும் முதல் ஊசியிலிருந்து

தடுப்பூசியும் சின்ன வயதில் வந்துபோன நோய்களும் உடலில் விட்டுச்சென்ற நினைவு பி, டி செல்களில் இருக்கிறது. மஜ்ஜையைக் காலி செய்து புதிதாக நட்டபின் அந்த நினைவு மெல்லக் கரைகிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் கைக்குழந்தையைப் போல முதல் ஊசியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் தொடங்கும். ஆறாம் மாதத்துக்கு மேல் டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான், ஹிப், கல்லீரல் அழற்சி பி, ஊசி வழிப் போலியோ. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இரண்டாண்டுக்குப் பிறகே, அதுவும் ஜி.வி.ஹெச்.டி. இல்லாமல், எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் நின்று ஓராண்டானவருக்கே போடலாம்.

வீட்டாருக்கும் ஊசி தேவை. ஃப்ளூ, தட்டம்மை ஊசிகளைச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டால் அதுவே நோயாளிக்கு அரண். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரம் அது வெளியேறும். மஜ்ஜை மாற்றியவர் இருக்கும் வீட்டுக் குழந்தைக்குச் சொட்டுக்குப் பதிலாக ஊசி வழிப் போலியோ தருவதே சரி என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். போலியோ நாளன்று வீடு வீடாக வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரிந்திருந்தால்தானே சொல்வார்?

2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். அப்படிப்பட்ட மாநிலத்தில், அதே நோய்களுக்கான ஊசி, அதே குளிர்பெட்டியில் இருந்தும், மஜ்ஜை மாற்றிய பெரியவருக்குக் கிடைப்பது எளிதாயில்லை. காரணம், அரசின் தடுப்பூசி அட்டவணை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமாக வகுக்கப்பட்டது. அந்த வரையறையின்படி இவர் இரண்டுமில்லை.

யாருடைய செல்?

உடன்பிறந்த ஒருவருடைய திசு முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். குடும்பங்கள் சுருங்கியபின் அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் பெயர் கொடுப்பவர்கள் கூடினால் அந்நியரிடமிருந்து பொருத்தம் கிடைக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் வருடிக் கொடுத்தால் பதிவு முடிந்தது.

பாதி மட்டும் பொருந்தும் அப்பா, அம்மா, பிள்ளைகளிடமிருந்தே செல் எடுக்கும் முறை இப்போது இந்தியாவில் பரவியிருக்கிறது. மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். பெற்றவரின் உடலைத் தாக்கத் துடித்துப் பெருகும் டி செல்கள் அதில் அழிகின்றன. ஸ்டெம் செல்லுக்குள் அந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதி இருப்பதால் அது தப்பிக்கிறது. ஏழை நாடுகளுக்கு இது பெரிய வரம். அதற்குரிய விலை, டி செல் திரும்புவது முதல் மாதங்களில் இன்னும் தாமதமாவது. சி.எம்.வி. என்ற வைரஸ் இங்கே பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தத் தாமதத்தில் அது கிளர்ந்தெழுகிறது. அதற்கான கான்சிக்ளோவிர் மருந்தோ நியூட்ரோபிலை மறுபடி கீழே தள்ளுகிறது.

எதிர்ப்புச் சக்தியை அழிக்காமலே குணப்படுத்த முடிந்தால் எவ்வளவு நல்லது! ஒருவகை லுக்கிமியாவில் அதை வேலூரே செய்து காட்டியது. ஏ.பி.எல். எனப்படும் அந்த நோய்க்கு, சி.எம்.சி.யில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் ஆர்செனிக் ட்ரையாக்ஸைடை மட்டுமே கொண்டு 72 பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான கீமோவைப்போல அது மஜ்ஜையைத் துடைத்தெடுப்பதில்லை. நோயாளியின் டி செல்லையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க வைக்கும் கார்-டி செல் சிகிச்சை, ஐ.ஐ.டி. மும்பையும் டாடா மருத்துவமனையும் உருவாக்கியதற்கு, 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதிலும் பி செல்கள் நெடுநாள் இல்லாமல் போகும் என்பதால், இங்கே எழுதியதில் பெரும்பாலானது அதற்கும் பொருந்தும். குடல் நுண்ணுயிர்களைப் பற்றியும் புதிய தகவல்கள் வருகின்றன. மூன்று கண்டங்களின் நான்கு மருத்துவமனைகளில் 1,362 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. குடலில் பலவகை நுண்ணுயிர் பிழைத்திருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பது அதன் முடிவு. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கும் கைகொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணி மட்டும் விடுபட்டிருக்கிறது. மஜ்ஜை மாற்று முடிந்து ஒருவர் ஊர் திரும்பும் அன்றே அவர் பெயர் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீடு தேடி வரும் ஊழியரின் பட்டியலில் அவர் இரண்டாண்டு இருக்க வேண்டும். தொற்றைத் தடுக்கும் அசைக்ளோவிரும் கோட்ரைமாக்ஸசோலும் தீர்ந்துபோகாமல் கிடைக்க வேண்டும். தடுப்பூசிகளை மறுபடி முதலிலிருந்து போடும் செலவு காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். அரசு இதைச் செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்: காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தின் தாள், தேதி போட்ட தடுப்பூசி அட்டவணை, இரவிலும் எடுக்கும் ஒரு போன் நம்பர்.